க்ரூஸ் கடைசி நாள் காலைல அடிச்சுப் பிடிக்காம இறங்குறது எப்படி? சிங்கப்பூர் வழியா போறவங்களுக்கு

க்ரூஸ் போய்ட்டு வந்தவங்க யார்கிட்ட பேசினாலும் எந்தக் கப்பல், பால்கனி ரூமா, வெஜ் சாப்பாடு எப்படி, இதைத்தான் சொல்வாங்க. கடைசி நாள் காலைல இறங்குறதைப் பத்தி யாரும் வாயத் திறக்குறதில்ல. ஆனா வயசானவங்களையும் சின்னப் பசங்களையும் கூட்டிட்டுப் போனா மொத்த ட்ரிப்லயும் உயிரை வாங்குறது அந்த ரெண்டு மூணு மணி நேரம்தான். காரிடார் பூரா ஜனம், வர்ற லிஃப்ட் எல்லாம் நெரிசலா வந்து அப்படியே மூடிக்கிட்டுப் போகும், மைக்ல ஒரு நம்பரைக் கூப்பிடுவாங்க, அது நம்ம நம்பரா இல்லையான்னு வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, இதுக்கு நடுவுல என் மாமியாருக்கு வீல்சேர் எந்த மாடிக்கு வரும்னே தெரியாம நாங்க அலைஞ்சோம். நீங்க அப்படி அலைய வேண்டாம்னுதான் இவ்வளவும் எழுதுறேன்.

சென்னை, திருச்சி, கோவைல இருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் கப்பல்ல ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி சிங்கப்பூர்லயே இறங்குறவங்களை மனசுல வச்சு எழுதினது இது. வேற ஊர்ல ஏறுறவங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும், விசா, கஸ்டம்ஸ் சமாச்சாரம் மட்டும் அந்தந்த ஊருக்கு மாறும்.

ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன். சாவகாசமா இறங்குறதுன்னா லேட்டா எழுந்திரிக்கிறது இல்ல. வேலையில முக்கால்வாசி முந்தின நாள் சாயங்காலமே முடிஞ்சிருக்கணும், மீதி ஃப்ளைட் டிக்கெட் போடும்போதே முடிஞ்சிருக்கணும். காலைல செய்றதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

1. ஃப்ளைட்டை மதியம் ரெண்டு மணிக்கு மேல போடுங்க

கப்பல் பொதுவா காலைல ஆறு ஏழு மணிக்குள்ள துறைமுகத்துக்கு வந்துடும். வந்த உடனே கதவைத் திறந்து விட மாட்டாங்க, அதிகாரிங்க க்ளியரன்ஸ் குடுக்கணும், அதுக்கப்புறம்தான் குரூப் குரூப்பா கூப்பிடுவாங்க. ஒன்பதரை பத்துக்குள்ள கப்பலே காலியாகணும், ஏன்னா அடுத்த செட் ஆளுங்க அன்னைக்கே ஏறுறாங்க. நீங்க கடைசி குரூப்ல ஒன்பதேகாலுக்கு இறங்குறீங்கன்னு வைங்க, இமிக்ரேஷனுக்கும் பெட்டி எடுக்கவும் முக்கால் மணி, டாக்ஸி கிடைச்சு சாங்கி போக ஒரு அரை மணி முக்கால் மணி, அப்ப ஏர்போர்ட்ல நுழையவே பதினொண்ணு ஆயிடும். அங்கிருந்து ஒரு மூணு மணி நேரம் கையில வச்சுக்கங்க.

காலை பத்து, பதினொரு மணி ஃப்ளைட் ரெண்டாயிரம் ரூபா கம்மின்னு ஏஜென்ட் சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒரு மெடிக்கல் எமர்ஜென்சியோ வானிலையோ, கப்பல் ஒரு மணி நேரம் லேட்டானா அந்த ரெண்டாயிரத்துக்குப் பதிலா குடும்பம் மொத்தத்துக்கும் புது டிக்கெட் எடுக்க வேண்டி வரும். நம்ம ஊருக்கு சாயங்காலமும் ராத்திரியும் ஃப்ளைட் இருக்கு, அதுதான் இதுக்குத் தோது. முடிஞ்சா அன்னைக்கு ராத்திரி சிங்கப்பூர்லயே தங்கிட்டு மறுநாள் கிளம்புங்க. எங்க வீட்டுப் பெரியவங்களை வச்சுப் பார்த்தா அந்த ஹோட்டல் செலவு தண்டம்னு எனக்குத் தோணல.

2. விசா மல்டிபிள் என்ட்ரியான்னு பாருங்க, அரைவல் கார்டை ரெண்டு தடவ போடுங்க

இதுல கோட்டை விட்டா சாவகாசம் எல்லாம் பேச்சுக்கே இல்ல. ஃப்ளைட்ல வந்து இறங்குறது ஒரு என்ட்ரி, கப்பல்ல திரும்பி வர்றது இன்னொரு என்ட்ரி. அதனால சிங்கப்பூர் விசா மல்டிபிளா இருக்கணும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ரிஜெக்ட் ஆனாலும் திரும்ப வராது, ஏஜென்ட் சார்ஜ் அதுக்கு மேல தனி. இ-விசா பிடிஎஃப் கைக்கு வந்ததும் மொத வேலையா எத்தனை என்ட்ரி, எந்தத் தேதி வரைக்கும்னு ஒவ்வொருத்தர் பேருக்கும் தனித்தனியா பாருங்க, குடும்பத்துல ஒருத்தருக்கு ஒரு மாதிரியும் இன்னொருத்தருக்கு வேற மாதிரியும் வர வாய்ப்பு இருக்கு.

அடுத்தது எஸ்ஜி அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூர்ல நுழையறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல நிரப்புற ஃபார்ம். ஃப்ளைட்ல வரும்போது போட்டது கப்பல்ல திரும்பி வர்றதுக்குச் செல்லாது, புதுசா போடணும். இறங்குற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ளதான் போட முடியும், அதுனால கிளம்புறதுக்கு முன்னாடியே ரெண்டையும் சேர்த்து முடிச்சுடலாம்னு கணக்குப் போட்டா நீளமான பயணத்துக்கு அது நடக்காது. கப்பல்ல வைஃபை விலை அதிகம், எல்லாரும் எடுக்க மாட்டோம். நான் சொல்ற வழி, பினாங்கோ புக்கெட்டோ இறங்குற அன்னைக்கு ரோமிங் சிக்னல் இருக்கும்போதே ஒரு காபி கடையில உட்கார்ந்து குடும்பம் மொத்தத்துக்கும் போட்டு முடிச்சிடுங்க. எப்படி வர்றீங்கன்னு கேக்குற இடத்துல கடல் வழின்னு குடுத்துட்டு கப்பல் பேரைப் போடணும். இதுக்குக் காசு கிடையாது. கூகுள்ல தேடினா மேல வர்ற சில சைட்ல பணம் கேப்பாங்க, அது அரசாங்க சைட்டே இல்ல, ஐசிஏ (சிங்கப்பூர் இமிக்ரேஷன் துறை) சைட்லயோ மைஐசிஏ ஆப்லயோ மட்டும் போடுங்க. ஈமெயில் அட்ரஸை ஒழுங்கா அடிங்க, ஏன்னா இப்பல்லாம் பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் குத்துறதில்ல, எத்தனை நாள் தங்கலாம்ங்கிற இ-பாஸ் அந்த மெயிலுக்குத்தான் வரும்.

இன்னொரு விஷயம், சில பயணங்கள்ல ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி கப்பல்லயே வச்சுக்குவாங்க. அப்படி வாங்கினா எப்ப, எங்க திருப்பித் தர்றாங்கன்னு அன்னைக்கே கேட்டு வைங்க. கடைசி நாள் க்யூவுல நிக்கிறது சும்மா இல்ல.

3. பெட்டியை வெளிய வைக்கிறதா, கையோட கொண்டு போறதா

இதை முந்தின நாள் மதியமே முடிவு பண்ணிடுங்க. ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, ரூமுக்கு நம்பரோ கலரோ போட்ட டேக் குடுப்பாங்க, அதைப் பெட்டியில கட்டி ராத்திரி கதவுக்கு வெளிய வச்சுட்டா ஆளுங்க எடுத்துட்டுப் போய்டுவாங்க, மறுநாள் டெர்மினல் ஹால்ல அந்த நம்பருக்குக் கீழ வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க. இன்னொண்ணு, உங்க பெட்டியை நீங்களே உருட்டிட்டு மொத ஆளா இறங்குறது. தனியா போற இளவட்டங்களுக்கும் வேற வழியே இல்லாம காலை ஃப்ளைட் போட்டவங்களுக்கும் ரெண்டாவது சரி. குடும்பமா போறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க. ஏழு மணிக்கு மூணு பெட்டியோட லிஃப்ட் முன்னாடி நிக்கிற நிலைமை இருக்கே, தி.நகர் ரங்கநாதன் தெருவுல தீபாவளிக்கு மொத நாள் ஸ்ட்ரோலர் தள்ற மாதிரி.

டேக் போடுறதுல கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஏர்லைன்ஸ் பழைய டேக், ஏறும்போது போட்ட டேக் எல்லாத்தையும் கழட்டிடுங்க. பெட்டியை வெளிய வைக்கக் கடைசி நேரம் பொதுவா ராத்திரி பத்து பதினொண்ணு, உங்க கப்பல்ல என்ன நேரம்னு கப்பல் கம்பெனி ஆப்லயும் ரூம்ல வைக்கிற பேப்பர்லயும் இருக்கும். வைக்கிறதுக்கு முன்னாடி டேக் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கங்க, ஹால்ல ஆயிரக்கணக்கான கறுப்புப் பெட்டிக்கு நடுவுல தேடும்போது அதோட அருமை தெரியும். ஹேண்டில்ல ஒரு பழைய துப்பட்டாத் துண்டு கட்டினா இன்னும் நல்லது.

ரூமுக்கு ஆட்டோமேட்டிக்கா வந்த நம்பர் சீக்கிரம் இறங்குற குரூப்பா இருந்தா பயப்பட வேண்டாம், கெஸ்ட் சர்வீஸ்ல கேட்டா பெரும்பாலும் கடைசி குரூப் டேக் மாத்திக் குடுப்பாங்க. எல்லாரும் முன்னாடி போகத்தான் அடிச்சுக்குவாங்க, கடைசிக்குப் போட்டி கம்மி.

வீல்சேர் வேணும்னா அதே கவுன்டர்ல அப்பவே சொல்லிப் பேர் எழுதிடுங்க. எந்த மாடி, எந்த லவுஞ்ச், எத்தனை மணின்னு மூணையும் கேட்டு எழுதி வாங்கிக்கங்க. காலைல ரூமுக்கே வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு நாமளா நினைச்சுக்கக் கூடாது, பல கப்பல்ல குறிப்பிட்ட ஒரு இடத்துக்கு நாமதான் போய்ச் சேரணும், அங்கிருந்துதான் அவங்க தள்ளிட்டுப் போவாங்க.

4. கைப்பையில வச்சுக்க வேண்டியது

ராத்திரி வெளிய வச்ச பெட்டியை மறுநாள் ஹால்லதான் பார்ப்பீங்க, நடுவுல கேட்டா கிடைக்காது. லுங்கியும் பாத்ரூம் செருப்புமா ப்ரேக்ஃபாஸ்ட் க்யூவுல நின்ன ஒரு பெரியவரைப் பார்த்தேன், வீட்டம்மா சுறுசுறுப்பா எல்லாத்தையும் மடிச்சு உள்ள வச்சு வெளிய தள்ளிட்டாங்களாம், மனுஷன் யாரையும் நிமிர்ந்தே பார்க்கல.

காலைல போடுற முழு டிரஸ்ஸும், உள்ளாடை, ஷூ உட்பட, பெட்டியை மூடுறதுக்கு முன்னாடியே சோபா மேல எடுத்து வைங்க. பாஸ்போர்ட், விசா பிரிண்ட், ஃப்ளைட் டிக்கெட், பணம், நகை, கண்ணாடி, பவர் பேங்க், சார்ஜர், வீட்டுச் சாவி கையில. மாத்திரை முக்கியம், சுகர், பிபி மாத்திரையை ரெண்டு வேளைக்காவது கைப்பையில வச்சுக்கங்க, இன்சுலின் போடுறவங்க முழுசையுமே. ட்யூட்டி ஃப்ரீல வாங்கின பாட்டிலைக் கப்பல்ல வாங்கி வச்சிருந்து கடைசில குடுப்பாங்க, அதையும் பெட்டிக்குள்ள போடாதீங்க, பெட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணா கூண்டுல அடுக்கிப் போகும்.

கப்பல் ரூம் சுவர் இரும்பு, அதுனால மேக்னெட் ஹூக் ஒட்டி தொப்பி, ஐடி கார்டெல்லாம் மாட்டியிருப்போம். அதைக் கண்டிப்பா மறப்போம். பாத்ரூம்ல துணி காயப்போடுற கொடி, கதவுக்குப் பின்னாடி, கட்டில் பக்கத்து ப்ளக், கட்டிலுக்கு அடியில, இந்த நாலு இடத்தையும் ராத்திரியே ஒரு தடவ துழாவிடுங்க. சேஃபைக் காலி பண்ணினதும் கதவைத் திறந்தபடியே விட்டுடுங்க, அப்பதான் காலைல இன்னொரு தடவ நம்பர் அடிச்சுப் பார்க்கணும்னு தோணாது.

5. கணக்கை ராத்திரியே முடிங்க

கப்பல்ல எல்லாச் செலவையும் ஏறும்போது குடுக்குற ரூம் கார்டுல எழுதிக்குவாங்க, ராயல் கரீபியன் மாதிரி கப்பல்ல அமெரிக்க டாலர் கணக்கு. டிப்ஸ் தனியா ஆளுக்கு இவ்வளவுன்னு தினமும் தானா ஏறும், சாதா ரூமுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் பக்கம்னு வைங்க, குழந்தைக்கும் உண்டு. டிக்கெட்லயே முன்கூட்டிக் கட்டியிருந்தா மறுபடி ஏறியிருக்கான்னு பாருங்க. எடுக்காத போட்டோ, குடிக்காத ஜூஸ், பையன் ஆர்கேட்ல தட்டினது, இதெல்லாம் சாயங்காலமே ஆப்ல தெரியும். தகராறு இருந்தா ராத்திரி சாப்பாட்டு நேரத்துல கெஸ்ட் சர்வீஸுக்குப் போங்க, அப்ப அங்க கூட்டம் கம்மி, ஷோ முடிஞ்சு பத்து மணிக்கு மேலயும் மறுநாள் காலைலயும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே முடியாது.

ஆன்போர்டு க்ரெடிட்னு, அதாவது கப்பல்ல மட்டும் செலவு பண்ற மாதிரி, ஏதாவது குடுத்திருந்தா பொதுவா அது காசா திரும்ப வராது, அன்னைக்கே செலவு பண்ணிடுங்க. கேஷ் டெபாசிட் கட்டினவங்க மிச்சத்தைக் கேட்டு வாங்கணும். ஃபாரெக்ஸ் கார்டை (வெளிநாட்டுப் பணம் முன்கூட்டியே ஏத்தி வச்ச கார்டு) கணக்குல இணைக்கிறது எனக்குப் பிடிக்காத விஷயம், அவங்க ஹோல்ட் பண்ணி முடக்கி வைக்கிற தொகை நாம இறங்கின பிறகும் பல நாள் விடுபடாம இருக்கும், சிங்கப்பூர்ல டாக்ஸிக்குத் தேய்க்கும்போது பேலன்ஸ் இல்லைம்பாங்க. க்ரெடிட் கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு பேங்க் போடுற மார்க்கப் 3.5 சதவீதம் வரைக்கும் போகலாம்தான், ஆனாலும் இந்த ஒரு இடத்துல அதுதான் நிம்மதி.

6. இறங்குற காலை

ஆறரைக்கு எழுந்திரிங்க. பஃபேக்கு ஏழுக்குள்ள போய்ட்டா உட்கார இடம் கிடைக்கும், ஏழரைக்கு மேல தட்டைக் கையில வச்சுட்டுச் சுத்தணும். டைனிங் ரூம் திறந்திருந்தா இன்னும் நல்லது, பெரியவங்களை உட்கார வச்சுப் பரிமாறுவாங்க. வழக்கமா பத்து மணி வரைக்கும் இருக்குற ப்ரேக்ஃபாஸ்ட் அன்னைக்கு எட்டு, எட்டரைக்கே மூடிடும், நேரத்தை முந்தின நாளே பார்த்து வைங்க.

ரூமை எட்டு மணி வாக்குல காலி பண்ணச் சொல்வாங்க. சொன்ன நேரத்துக்கு வெளிய வந்துடுங்க, ரூம் சுத்தம் பண்றவரு அன்னைக்குப் பதினஞ்சு ரூமை மதியத்துக்குள்ள திருப்பிப் போடணும், பாவம். அதுக்கப்புறம் உங்க நம்பர் கூப்பிடுற வரைக்கும் காரிடார்லயோ மாடிப்படிலயோ நிக்காதீங்க. தியேட்டர், லவுஞ்ச் எல்லாம் திறந்துதான் இருக்கும், ஏசி இருக்கும், பாத்ரூம் பக்கத்துல இருக்கும், ஆளில்லாத மேல் டெக்ல இருந்து துறைமுகத்தைப் பார்த்துட்டு ஒரு காபி குடிக்கலாம். கூப்பிட்ட உடனே ஓடணும்னு இல்ல. நம்பர் கூப்பிட்டு ஒரு பதினஞ்சு நிமிஷம் கழிச்சுப் போனா அதே வழி காலியா இருக்கும், உங்க நம்பர் தாண்டிப் போச்சுன்னு யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. சீக்கிரம் போறதுதான் கூடாது.

லிஃப்ட் கீழ போறது நிக்கலைன்னா மேல போற லிஃப்ட்ல ஏறிடுங்க, அது மேல போய்ட்டு எப்படியும் கீழதான் வரணும். ரூம் கார்டைக் கடைசி ஸ்கேன் வரைக்கும் கையிலயே வச்சுக்கங்க, வாசல்ல அதைத் தட்டினதும் ஒரு சத்தம் வரும், அதோட நீங்க கப்பல் கணக்குல இல்ல, மறந்துட்டேன்னு திரும்ப உள்ள போக முடியாது. அதுனால ஸ்கேனுக்கு முன்னாடி ஒரு ஓரமா நின்னு பாஸ்போர்ட், போன், தலை எண்ணிக்கை மூணையும் சரி பாருங்க.

7. இமிக்ரேஷன், கஸ்டம்ஸ்

ஆட்டோமேட்டிக் கேட்ல வெளிநாட்டுக்காரங்களும் போகலாம், சின்னக் குழந்தைங்க இருந்தா கவுன்டர். பாஸ்போர்ட்டோட அட்டைக் கவரைக் கழட்டிக் கையில வைங்க, அங்க போய் உருவிட்டு நிக்கிறதுதான் க்யூவுல பாதி தாமதம்.

கஸ்டம்ஸ்ல பலர் மாட்டுறது சிகரெட்லயும் பாட்டில்லயும். சிங்கப்பூர்ல சிகரெட்டுக்கு ட்யூட்டி ஃப்ரீ சலுகையே கிடையாது, கப்பல்ல வாங்கின ஒரு பாக்கெட்டா இருந்தாலும் சொல்லி வரி கட்டணும். வேப் (இ-சிகரெட்) தடை, சூயிங்கம் கொண்டு வரவும் கூடாது. மதுவுக்கு 2 லிட்டர் வரைக்கும் சலுகை உண்டு, ஆனா 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளிய இருந்திருக்கணும், மலேசியால இருந்து நேரா வந்திருக்கக் கூடாது. பினாங்கு மலேசியாலதான் இருக்கு, அதுனால அங்க மட்டும் போய்ட்டு வர்ற கப்பல்ல போனவங்க இந்த ரெண்டாவது நிபந்தனையை நல்லாப் படிங்க. சந்தேகம்னா ரெட் சேனல்ல (வரி கட்ட வேண்டிய பொருள் இருக்கிறவங்க போற வழி) போய்ச் சொல்லிடுங்க, கேட்டு வரி கட்டுறது ஒரு அஞ்சு நிமிஷ வேலை, மறைச்சு மாட்டினா அபராதம், ஃப்ளைட்டும் போகும்.

8. டெர்மினல்ல இருந்து வெளிய

சிங்கப்பூர்ல க்ரூஸ் டெர்மினல் ரெண்டு இருக்கு, மரீனா பே க்ரூஸ் சென்டர் ஒண்ணு, ஹார்பர்ஃப்ரன்ட்ல இருக்குற சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர் இன்னொண்ணு. பெரிய கப்பல் பெரும்பாலும் மரீனா பே. கூப்பிட வர்ற சொந்தக்காரங்ககிட்ட "க்ரூஸ் சென்டர்"னு மட்டும் சொல்லாதீங்க, முழுப் பேரையும் சொல்லுங்க.

மரீனா பேல இருந்து சாங்கிக்கு டாக்ஸி சாதாரணமா 20 முதல் 30 சிங்கப்பூர் டாலருக்குள்ள அடங்கும், பெட்டி நிறைய இருந்தா பெரிய வண்டி புக் பண்ணணும், அது கூட ஆகும். வார நாள்ல காலை பீக் நேரத்துல மீட்டருக்கு மேல 25 சதவீதம் ஏத்துவாங்க. மொத குரூப்ல எட்டு மணிக்கு இறங்கி ஓடுறவங்க அதையும் குடுத்து, நீளமான டாக்ஸி க்யூவுலயும் நிப்பாங்க. நாம ஒன்பதரை தாண்டி வரும்போது ரெண்டுமே கம்மியாயிருக்கும். கிராப் (டாக்ஸி ஆப்) போட்டா பிக்கப் பாயின்ட் எதுன்னு போர்டைப் பார்த்துட்டு அப்புறம் புக் பண்ணுங்க.

பெட்டி கம்மியா இருந்தா எம்ஆர்டி, அதாவது மெட்ரோ ரயில். மரீனா சவுத் பியர் ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை, சிவப்பு லைனோட கடைசி ஸ்டேஷன், அதுனால வண்டி காலியா கிளம்பும், உட்கார்ந்து போகலாம். நம்ம ஊர் கான்டாக்ட்லெஸ் கார்டையே கேட்ல தட்டலாம், ஆளுக்கு ரெண்டு மூணு டாலருக்குள்ள முடிஞ்சிடும். லிட்டில் இந்தியா போகணும்னா தோபி காட்ல இறங்கி ஊதா லைன் மாறினா அடுத்த ஸ்டேஷனே அதுதான். சாங்கின்னா சிட்டி ஹால்ல பச்சை லைன், தானா மேரால மறுபடி மாறணும், பெரியவங்களோட இந்த வழி வேண்டாம்.

ராத்திரி ஃப்ளைட்னா நடுவுல இருக்குற நேரத்துக்கு நேரா சாங்கி போய் அங்க இருக்குற பேகேஜ் ஸ்டோரேஜ்ல பெட்டியைப் போட்டுட்டு ஏர்போர்ட்டை ஒட்டியிருக்குற ஜுவல் மால்ல சுத்தலாம், இல்ல கை வீசிட்டு ரயில்ல ஊருக்குள்ள வரலாம். சில ஏர்லைன்ஸ் ஜுவல்லயே முன்கூட்டி செக்-இன் பண்ண விடுவாங்க, உங்க ஏர்லைன்ஸ் அதுல இருக்கான்னு பார்த்துக்கங்க. பஃபேல பாஸ்தா, சாலட்னு சாப்பிட்டு நாக்கு செத்துப் போனவங்களுக்கு சிராங்கூன் ரோடு கோமள விலாஸ்ல ஒரு தோசை.

9. ஊருக்கு வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள்ள கப்பல் கம்பெனி ஃபைனல் பில்லை மெயில்ல அனுப்பலைன்னா அவங்க சைட்ல போய் எடுங்க. ராத்திரி நீங்க ஆப்ல பார்த்த தொகையும் கார்டுல ஏறின தொகையும் ஒண்ணான்னு பாருங்க, கடைசி நாள் காலைல காபி வாங்கினது மட்டும்தான் கூட இருக்கணும். ரூம்ல எதையாவது விட்டிருந்தா லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஃபார்ம் ஆன்லைன்ல இருக்கும், ரூம் நம்பர், கப்பல் பேர், தேதியோட உடனே போடுங்க. அனுப்புற செலவு நம்மளது, அதுனால சார்ஜருக்குப் போடாதீங்க, கண்ணாடிக்கும் காது மெஷினுக்கும் போடலாம்.